பெயிண்டிங் தொழில் ஆரம்பிக்கப் போறீங்களா? பிரஷ்ஷுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

வேலை தெரிஞ்ச பெயிண்டர் எத்தனையோ பேர பாத்திருக்கேன். டேப் ஒட்டாமலே சீலிங் ஓரத்துல கட்டிங் அடிப்பாங்க, அதாவது பிரஷ்ஷால ஓரத்த நேர் கோடா இழுப்பாங்க, ஒரு நூல் கூட விலகாது. ஆனா பதினஞ்சு வருஷம் கழிச்சும் இன்னொருத்தர்கிட்ட தினக்கூலிக்குத்தான் நிப்பாங்க. அந்த அளவுக்கு வேலை சுத்தம் இல்லாத ஒருத்தரு நாலு டீம் வச்சு ஓட்டிட்டு இருப்பாரு. ஏன்னு பாத்தா பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான், ஒரு ரூம முடிக்க எத்தன மணி நேரம் ஆகும்னு இவருக்கு நோட்ட பாத்தா தெரியும், அவருக்கு "ரெண்டு நாள்ல முடிச்சிரலாம் சார்"னு வாயில வரும், அவ்வளவுதான். அந்த ரெண்டு நாள் மூணு நாள் ஆச்சுன்னா கூடுன ஒரு நாள் கூலி யாரு பாக்கெட்ல இருந்து போகும்?

அதனால இந்த தொழில்ல நான் யாருக்கு சொன்னாலும் முதல்ல சொல்றது ஒரு நோட்டு வாங்குங்கன்னுதான். சாதாரண நோட்டு போதும், ஆப் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். என்ன எழுதணும்னு கீழ சொல்றேன்.

வேலையே தெரியாம ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் வச்சு ஓட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, வேலை தெரியாத முதலாளிய ஆளுங்க ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருவாங்க. நல்ல மேஸ்திரி ஒருத்தர்கிட்ட மழைக்காலம் வெயில் காலம் ரெண்டையும் பாக்குற மாதிரி ஒரு வருஷமாவது கூட நில்லுங்க. அதுவும் பெயிண்ட் அடிக்கிற நாள்ல மட்டும் இல்ல, சுரண்டுற நாள், பட்டி (சுவர சமமாக்க பூசுற மாவு) வைக்கிற நாள், தேய்க்கிற நாள் எல்லாத்துலயும் நில்லுங்க, ஏன்னா வேலையில முக்காவாசி அங்கதான் இருக்கு. கலர் அடிக்கிறது கடைசி கால்வாசி, வெளிய தெரியுறது அது மட்டும்தான், அதான் எல்லாரும் அதையே தொழில்னு நினைச்சுக்கிறாங்க.

சாமான் என்ன வாங்கணும்

ஆரம்பத்துல அகலக்கால் வைக்காதீங்க. ரெண்டரை இன்ச் சாய்வு முனை பிரஷ் நல்லதா ரெண்டு, ஒன்பது இன்ச் ரோலர், அதுக்கு நீட்டு கம்பு, பட்டி தகடு சின்னது பெருசு, சுரண்டி, உப்புத்தாள் 80, 120, 180, 220 நம்பர்ல, கீழ விரிக்க கெட்டித் துணி, ஏணி, தூசிக்கு நல்ல மாஸ்க், கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, ஒரு டார்ச். இத வச்சே ஒரு ஆளு முதல் வருஷம் பூரா சம்பாதிக்கலாம். வாட்டர் பெயிண்டுக்கு நைலான், பாலியஸ்டர் முடி பிரஷ்தான் வாங்கணும், மிருக முடி பிரஷ்ஷ தண்ணி பெயிண்டுல போட்டா தண்ணிய உறிஞ்சி தொளதொளன்னு ஆயிரும், அது ஆயில் பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும்தான். ரோலர்லயும் வழவழ சுவருக்கு குட்டை முடி, சொரசொரப்பான வெளிச்சுவருக்கு நீட்டு முடி. கீழ பிளாஸ்டிக் ஷீட் மட்டும் விரிக்காதீங்க, சிந்துன பெயிண்ட் அதுல காயாம கிடக்கும், மிதிச்சீங்கன்னா வீடு பூரா காலடி, போதாததுக்கு வழுக்கவும் செய்யும்.

டார்ச் எதுக்குன்னு கேப்பீங்க. பட்டி தேய்ச்சு முடிச்ச சுவர நேரா நின்னு பாத்தா எல்லாம் சமமாத்தான் தெரியும், டார்ச்ச சுவரோட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சு பாருங்க, மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக் குடுத்துரும். வீட்டுக்காரங்க சாயங்கால வெயில்ல பாத்து சொல்றதுக்கு முன்னாடி நாமளே பாத்துக்கலாம்.

ஸ்பிரே மிஷின் ஆரம்பத்துல வாங்காதீங்க, காலி வீடு பெருசா கிடைச்சா வாடகைக்கு எடுங்க. மிஷின் வேகமா அடிக்கும்தான், ஆனா ஆள் குடியிருக்குற வீட்ல ஜன்னல், தரை, சாமான் எல்லாத்தையும் மூடி ஒட்டுறதுக்கே அரை நாள் போயிரும், மிச்சம் பிடிச்ச நேரம் அங்க காலி.

லைசன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், வரி இதெல்லாம் ஊருக்கு ஊரு மாறும், உங்க இடத்துல என்ன வேணும்னு முதல் வேலைக்கு முன்னாடியே விசாரிச்சுருங்க. அதோட மூணாவது ஆளுக்கோ அவங்க பொருளுக்கோ சேதம் ஆனா கவர் பண்ற இன்சூரன்ஸ். ஒரு பக்கெட் பெயிண்ட் மேல இருந்து அடுத்த வீட்டு கார் மேல கவுந்தா போதும், ஆறு மாச சம்பாத்தியம் போயிரும். பேங்க் அக்கவுண்டும் தனியா வச்சுக்கோங்க, வீட்டுச் செலவும் தொழில் காசும் ஒண்ணா கிடந்தா லாபம் வருதா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

சுவர படிக்கக் கத்துக்கோங்க

கூப்பிட்டாங்கன்னு போனதும் டேப்ப எடுத்து அளக்க ஆரம்பிக்காதீங்க, முதல்ல சும்மா ஒரு சுத்து சுத்தி வாங்க, சுவர தொட்டுப் பாருங்க. உள்ளங்கையால தேய்ச்சா வெள்ளையா மாவு ஒட்டுதா, அப்போ பழைய பெயிண்ட் பொடிஞ்சு போச்சு, கழுவி பிரைமர் (பெயிண்ட் பிடிக்கிறதுக்கு முதல்ல அடிக்கிற கோட்) போடாம மேல என்ன விலை உசந்த பெயிண்ட் அடிச்சாலும் அந்த மாவு மேலதான் நிக்கும், மாவோட சேந்து வந்துரும். கீழ தரையில இருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்பு பூத்திருக்கா, அப்போ அது பெயிண்டர் தனியா தீக்குற பிரச்சனையே இல்ல, தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அடைக்கணும். இத சொல்ல தயங்காதீங்க. "இது மேல அடிச்சா ஒரு வருஷத்துல உரியும், முதல்ல கசிவ பாருங்க"ன்னு சொன்னா சில பேரு வேற ஆள தேடி போவாங்க, போகட்டும், அந்த ஆளுக்குத்தான் அடுத்த வருஷம் திட்டு விழும்.

ஓதம் இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருந்தா ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல இறுக்கமா ஒட்டி ஒரு நாள் விட்டு எடுத்து பாருங்க, ஷீட்டுக்கு உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னாலோ சுவர் அந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ ஈரம் உள்ள இருக்கு. ஈரம் அளக்குற மீட்டர் இருந்தா இன்னும் சுலபம்.

புது பூச்சு வேலைன்னா குறைஞ்சது 28 நாள் காய விடணும்னு சொல்லுவாங்க, குளிர் மழை இருந்தா இன்னும் கூட ஆகும். சிமெண்ட்ல காரம், அதாவது ஆல்கலி, ரொம்ப ஜாஸ்தி, அது அடங்குறதுக்குள்ள அடிச்சா கலர் திட்டுத் திட்டா வெளுக்கும், ஆயில் பெயிண்டுன்னா சோப்பு மாதிரி பிசுபிசுன்னு ஆயிரும். குடி போகணும்னு நாள் குறிச்சுட்டு அவசரப்படுத்துறவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க. அவங்களுக்கு காரத்த தாங்குற பிரைமர் போட்டு ஒரு கோட் மட்டும் இப்போ, காஞ்சதுக்கு அப்புறம் கடைசி கோட்னு எழுதி குடுத்துருங்க.

அடுத்து பழைய பெயிண்ட் ஆயிலா வாட்டரான்னு தெரியணும். பஞ்சுல ஆல்கஹால் ஸ்பிரிட் நனைச்சு ஒரு மூலையில அழுத்தி தேய்ங்க, பெயிண்ட் இளகி பஞ்சுல ஒட்டுனா வாட்டர் பெயிண்ட், அசையாம இருந்தா ஆயில். ஆயில் மேல தேய்க்காம அப்படியே வாட்டர் பெயிண்ட் அடிச்சா நகத்தால கிள்ளினாலே தோல் மாதிரி உரிஞ்சு வரும். நான் ஆரம்பத்துல ஒரு வீட்ல பளபள கதவுங்க ஆறுக்கும் இப்படித்தான் அடிச்சேன், அடிச்ச அன்னைக்கு அம்சமா இருந்துச்சு, மூணாவது வாரம் அந்த அம்மா போன் பண்ணி "தம்பி, சாவி உரசுன இடத்துல பெயிண்ட் வாழத்தோல் மாதிரி வருதுப்பா"ன்னாங்க. ஆறு கதவையும் சுரண்டி தேய்ச்சு திரும்ப அடிச்சு குடுத்தேன், அந்த வேலையில மிஞ்சுனது வெறும் அனுபவம் மட்டும்தான்.

சீலிங்ல மஞ்சளா தண்ணிக் கறை இருந்தா சாதாரண எமல்ஷன், அதாவது வாட்டர் பெயிண்ட், நாலு கோட் அடிச்சாலும் ஊறி மேல வந்துரும், கறைய அடைக்கிற பிரைமர் தனியா இருக்கு, அத போட்டுட்டுத்தான் மேல போகணும். பூஞ்சை கருப்பா இருந்தா பிளீச் ஒரு பங்குக்கு தண்ணி மூணு பங்கு கலந்து அடிச்சு ஊற விட்டு கழுவணும், அதோட வேற ஆசிட்டோ அம்மோனியா கிளீனரோ சத்தியமா கலக்காதீங்க, வர்ற புகை ஆளையே சாச்சுரும்.

ரொம்ப பழைய வீடுன்னா ஈயம். முன்னாடி பெயிண்ட்ல ஈயம் கலந்தாங்க, அமெரிக்காவுல வீட்டு பெயிண்டுக்கு 1978-லயே தடை வந்துச்சு, பல நாடுகள்ல அதுக்கு ரொம்ப பின்னாடிதான் வந்துச்சு. அந்த மாதிரி சுவர உலர்ந்தபடி தேய்ச்சா பறக்குற தூசி குழந்தைங்க மூளையவே பாதிக்கும், குழந்தைங்களுக்கு இந்த அளவு வரைக்கும் ஆபத்தில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சந்தேகம் இருந்தா டெஸ்ட் பண்ணுங்க, நனைச்சு தேய்ங்க, ரூம மூடிட்டு வேலை பாருங்க, சட்டம் என்ன சொல்லுதுன்னும் கேட்டுக்கோங்க. உங்க நுரையீரலும் இதுலதான் இருக்கு, மறந்துராதீங்க.

அளக்குறது, பெயிண்ட் கணக்கு

இது சுலபம். ரூம் 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடின்னு வச்சுக்கோங்க. சுத்தளவு 44, உயரத்தால பெருக்குனா 440 சதுர அடி. கதவு 7க்கு 3, அதாவது 21, ஜன்னல் 4க்கு 4, அதாவது 16, கழிச்சா 403. சீலிங் 120 சேத்தா 523. நல்லா பிரைமர் போட்ட வழவழ சுவர்ல ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100-ல இருந்து 120 சதுர அடி போகும், ரெண்டு கோட்டுக்கு 1046 சதுர அடி, 110-ஆல வகுத்தா ஒன்பதரை லிட்டர், கைவசம் கொஞ்சம் இருக்கட்டும்னு பத்தரை. சொரசொரப்பு சுவர்னா இது எல்லாம் கூடும். சீலிங்கும் சுவரும் வேற வேற கலர்னா தனித்தனியா போட்டுக்கோங்க. டப்பாவுல என்ன போட்டிருக்கோ அத ஒரு தடவ படிங்க, எவ்வளவு தண்ணி கலக்கணும், அடுத்த கோட்டுக்கு எத்தன மணி நேரம் விடணும்னு எல்லாம் அதுலயே இருக்கும், ஆனா படிக்கிற பெயிண்டர தேடித்தான் பிடிக்கணும்.

இப்போ நோட்டு

ஒவ்வொரு வேலையிலயும் ஒவ்வொரு ரூமுக்கும் அன்னைக்கு சாயங்காலமே இத எழுதுங்க. சாமான் நகத்தி மூட எவ்வளவு நேரம், சுரண்டி பட்டி வச்சு தேய்க்க எவ்வளவு, பிரைமர் எவ்வளவு, ஒவ்வொரு கோட்டும் எவ்வளவு, கடைசியில கூட்டி அள்ளி பிரஷ் கழுவ எவ்வளவு. பக்கத்துல சதுர அடி, சுவர் எந்த நிலையில இருந்துச்சுன்னு ஒரு வரி. மேல சொன்ன அதே ரூமுக்கு உதாரணமா மூடுறது கழுவுறது எல்லாம் ரெண்டரை, தயார் பண்றது ஏழு, பிரைமர் ரெண்டரை, ரெண்டு கோட் ஏழு, ஆக மொத்தம் 19 மணி நேரம்னு வருதுன்னு வைங்க. பத்து வேலை முடியுறதுக்குள்ள நல்ல சுவர்னா இவ்வளவு, மோசமான சுவர்னா இவ்வளவுன்னு உங்க சொந்தக் கணக்கு உருவாயிரும். அது வேற எங்கயும் கிடைக்காது, ஏன்னா உங்க கை வேகம் உங்களுக்கு மட்டும்தான். சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஊர்ல ஒரு ரேட் ஓடும், அத வாங்கி அப்படியே சொல்றது அடுத்தவன் சட்டைய போட்டுட்டு போற மாதிரிதான், சில பேருக்கு பொருந்தும், நிறைய பேருக்கு கிழியும்.

அடுத்தது ஒரு மணி நேரம் உங்களுக்கு என்ன அடங்கும்னு தெரியணும். கூலி மட்டும்னு நினைச்சுட்டு இருப்பீங்க. வாரத்துக்கு 40 மணின்னு வருஷம் 52 வாரத்துக்கு 2080 மணி நேரம் வருது, ஆனா மழை, லீவு, உடம்பு சரியில்லாத நாள், கொட்டேஷன் குடுக்க போன நேரம், சாமான் வாங்க அலைஞ்ச நேரம், காசு வசூல் பண்ண நின்ன நேரம் எல்லாம் கழிச்சா யார்கிட்டயாவது காசு வாங்குற மணி நேரம்னு பாத்தா 1400 தேறுனா பெருசு. வண்டி, போன், இன்சூரன்ஸ், தேய்ஞ்சு போற பிரஷ், ஏணி, விளம்பரம், வரி பாக்குறவருக்கு குடுக்குறது, வருஷத்துக்கு ஆகுற இந்த செலவு எல்லாத்தையும் கூட்டி அந்த 1400-ஆல வகுங்க. வர்றத கூலியோட சேருங்க. அதுதான் உங்க ஒரு மணி நேரத்தோட அடக்கம். முதல் தடவ இத போடுறப்போ எனக்கு வயித்த கலக்குச்சு, அதுவரைக்கும் கிட்டத்தட்ட பாதி வேலைய நஷ்டத்துக்கு பண்ணியிருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

லாபம் போடுற எடத்துல நிறைய பேரு சறுக்குவாங்க. அடக்கம் 100, முப்பது பர்சன்ட் லாபம் வேணும், அதனால 130-னு சொல்லிருவாங்க. 130-ல 30-ங்கிறது 23 பர்சன்ட்தான். வாங்குற காசுல முப்பது பர்சன்ட் நிக்கணும்னா 100-அ 0.7-ஆல வகுக்கணும், 143 வரும். சரி, அந்த 143 சொன்னதும் வீட்டுக்காரரு "ஒரு பத்து பர்சன்ட் குறைச்சுக்கோங்க"ன்னு சொல்றாரு, பத்துதானேன்னு நீங்களும் தலையாட்டுறீங்க, 128.70 ஆச்சு. லாபம் 43-ல இருந்து 28.70. குறைச்சது பத்து பர்சன்ட், போனது லாபத்துல மூணுல ஒரு பங்கு. அதனால ரேட்ட குறைக்காதீங்க, வேலைய குறைங்க. "சரிங்க, ஸ்டோர் ரூம விட்டுரலாம், அலமாரி உள்பக்கம் வேணாம், பெயிண்ட் அடுத்த ரகத்துல போகலாம்"னு எதையாவது எடுத்துட்டு குறைங்க. ஒண்ணையும் எடுக்காம குறைச்சா முதல்ல சொன்னது ஏமாத்து ரேட்டுன்னுதான் அவருக்கு தோணும்.

கொட்டேஷன் எழுத்துல மட்டும்

வாய்ல சொல்லாதீங்க, எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி, தெரிஞ்சவங்கன்னா இன்னும் கண்டிப்பா எழுதுங்க. எந்தெந்த ரூம், எத்தன கோட், பட்டி எத்தன கை, எந்த கம்பெனியில எந்த ரகம், கலர் நம்பர், எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியும், காசு எந்தெந்த கட்டத்துல. இத விட முக்கியம் எது இதுல இல்லங்கிறது. கிரில் இல்ல, வெளி காம்பவுண்ட் இல்ல, சாமான் நகத்துறது இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. எழுதலன்னா வேலை பாதியில "அண்ணே, அப்படியே அந்த கிரில்லயும் ஒரு கை பாத்துருங்க"ன்னு ஆரம்பிக்கும், அந்த ஒரு கை ரெண்டு நாள். நடுவுல கூடுதல் வேலை கேட்டா மூஞ்ச காட்டாதீங்க, சந்தோஷமா "பண்ணிரலாம், இவ்வளவு ஆகும், ஒரு ஓகே போட்டுருங்க"ன்னு மெசேஜ் அனுப்புங்க, அவங்க ஓகே போட்டதுக்கு அப்புறம்தான் பிரஷ்ஷ தொடணும்.

காசு மொத்தமா கடைசியிலன்னா ஒத்துக்காதீங்க. சாமானுக்கு ஆகுற அளவாவது அட்வான்ஸ், பட்டி பிரைமர் முடிஞ்சதும் ஒரு பங்கு, கடைசியில கொஞ்சம். கடைசி பங்கு சின்னதா இருக்கட்டும், அப்போதான் ஒரு டச் அப்ப காரணம் காட்டி மாசக்கணக்குல இழுக்க முடியாது. ஒரு பெரிய வேலையில எனக்கு பாதி காசு இப்படி நின்னு போய் ஆளுங்களுக்கு கடன் வாங்கி கூலி குடுத்தேன், வேலைக்கு பஞ்சமே இல்லாத மாசம் அது. வேலை நிறைய வந்து கையில காசு இல்லாம போறதுதான் இந்த தொழில்ல பாதி பேர கவுக்குது.

வேலை நடக்குறப்போ

வரிசை எல்லாருக்கும் தெரியும், முதல்ல சீலிங், அப்புறம் சுவர், கடைசியா கதவு ஜன்னல் சட்டம். அதுல தப்பு பண்றவங்க கம்மி. தப்பு நடக்குறது வேற எடத்துல. ஒரே கலர் நாலு டப்பா வாங்குனா நாலும் நூல் பிசகாம ஒரே மாதிரி இருக்கும்னு நம்பிராதீங்க, பேட்ச் மாறுனா ஒரு சாயல் மாறும், பெரிய பக்கெட்ல எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி கலக்கிட்டு ஆரம்பிங்க. ஒரு சுவர பாதியில விட்டுட்டு போன் பேச போகாதீங்க, ஓரம் ஈரமா இருக்குறப்பவே அடுத்த பட்டைய சேத்து அடிச்சாத்தான் கோடு விழாது. வெயில் நேரா அடிக்கிற வெளிச்சுவர்ல அடிக்காதீங்க, நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போங்க. ரொம்ப குளிருலயும், அதாவது 10 டிகிரிக்கு கீழ, பெரும்பாலான வாட்டர் பெயிண்ட் சரியா பிடிக்காது, காத்துல ஈரப்பதம் 85 பர்சன்ட்டுக்கு மேல இருந்தாலும் அன்னைக்கு வெளி வேலைய தள்ளி வைங்க.

கலர் தேர்வுல நீங்க மாட்டிக்காதீங்க. அட்டையில பாத்தது சுவர்ல வேற மாதிரி இருக்கும், பகல்ல பாத்தது ராத்திரி லைட்ல வேற மாதிரி. ரெண்டு சுவர்ல ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு காட்டி, ஒரு நாள் பகலும் ராத்திரியும் பாக்க சொல்லி, கலர் நம்பர எழுதி கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் மொத்தமா வாங்குங்க. கலர் புருஷனுக்கு பிடிச்சு பொண்டாட்டிக்கு பிடிக்காம போன பஞ்சாயத்துல எல்லாம் நான் நடுவுல நின்னிருக்கேன், அங்க ஜெயிக்கிறவங்க யாரும் இல்ல.

ஏணி விஷயத்துல விளையாட்டே வேணாம். சாய்ச்சு வைக்கிற ஏணின்னா நாலடி உயரத்துக்கு ஒரு அடி அடிப்பக்கம் வெளிய தள்ளி இருக்கணும், மேல ஏறி எட்டி எட்டி அடிக்காம இறங்கி நகத்திப் போடணும். உயரம் ஜாஸ்தின்னா சாரம் கட்டுங்க, அந்த செலவ கொட்டேஷன்லயே போடுங்க. இன்னொன்னு, ஆளி விதை எண்ணெய் கலந்த வார்னிஷ், ஸ்டெயின் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போட்டா அது தானா சூடேறி தீப்பிடிக்கும், கதை இல்ல நிஜம். விரிச்சு வெளிய காயப் போடணும், இல்லன்னா தண்ணி ஊத்துன இரும்பு டப்பாவுல போட்டு மூடணும்.

சாயங்காலம் கிளம்புறப்போ கூட்டி அள்ளிட்டு கிளம்புங்க. வீட்டுக்காரங்களுக்கு உங்க கட்டிங் நேரா இருக்கா கோணலா இருக்கான்னு பாதி தெரியாது, பாத்ரூம்ல பிரஷ் கழுவி விட்டுட்டு போனது நல்லா தெரியும்.

ஆள் எப்படி கிடைப்பாங்க, அதாவது கஸ்டமர்

முதல் பத்து வேலை தெரிஞ்சவங்க மூலமாத்தான் வரும், வெட்கப்படாம எல்லாருக்கும் சொல்லுங்க. அதுக்கப்புறம் நல்ல இடம் எதுன்னா இப்போ வேலை பாக்குற வீட்டுக்கு பக்கத்து வீடுங்கதான். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சுத்தி நாலஞ்சு வீட்ல போய் "பக்கத்துல ஒரு வாரம் வேலை நடக்கும், தூசி சத்தம் தொந்தரவா இருந்தா இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு ஒரு கார்டு குடுங்க. வேலை கேக்காதீங்க, இத மட்டும் சொல்லுங்க. அவங்களும் ஒரு வாரமா பாப்பாங்கல்ல, நேரத்துக்கு வர்றீங்களா, சத்தமா பாட்டு போடுறீங்களான்னு. எனக்கு இப்படி ஒரே தெருவுல வரிசையா வேலை கிடைச்சிருக்கு, வண்டி பெட்ரோல் கூட மிச்சம்.

எலக்ட்ரீஷியன், பிளம்பர், கார்பெண்டர், டைல்ஸ் போடுறவங்க, வீடு வித்து வாங்கிக் குடுக்குறவங்க இவங்க எல்லாம் நமக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள போறவங்க, அவங்க வேலை முடிஞ்சா சுவர் நாசமா கிடக்கும், அடுத்து பெயிண்டர்தான் வேணும். பழகி வச்சுக்கோங்க, நீங்களும் அவங்களுக்கு வேலை சொல்லுங்க. போட்டோ எடுக்குறப்போ அடிச்சு முடிச்ச சுவர மட்டும் எடுக்காதீங்க, அது எல்லாரும் போடுறது, சுரண்டி பட்டி வச்ச நிலையில ஒரு போட்டோ, முடிஞ்சதும் அதே எடத்துல நின்னு ஒரு போட்டோ. வீட்டுக்காரங்க அனுமதி இல்லாம போடாதீங்க. ரிவியூ கேக்கணும்னா வேலை முடிஞ்ச அன்னைக்கே, புது பெயிண்ட் வாசம் போறதுக்குள்ள கேளுங்க, ஒரு வாரம் போனா யாரும் எழுத மாட்டாங்க.

இன்னொரு சின்ன விஷயம், கூப்பிட்டா போன எடுங்க, வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு போங்க, கொட்டேஷன ரெண்டு நாள்ல அனுப்புங்க. இத மட்டும் ஒழுங்கா பண்ணாலே பாதி போட்டி காணாம போயிரும்.

ஆள் சேக்குறது, பெருசாக்குறது

கைவசம் எப்பவும் ஆறு வாரத்துக்கு வேலை நிக்குதுன்னா முதல் ஆள சேக்கலாம், அதுக்கு முன்னாடி சேத்தா ஆளுக்கு வேலை தேடி நீங்க ஓடணும். முதல் ஆளுக்கு தேய்க்கிறது, மூடுறது, ரோலர் ஓட்டுறது குடுங்க, கட்டிங் நீங்க வச்சுக்கோங்க. ஆளு வந்ததும் கணக்கு மாறும், கூலியோட லீவு, இன்சூரன்ஸ், கத்துக்குற வரைக்கும் வேஸ்ட் ஆகுற சாமான் எல்லாம் சேரும், பழைய ரேட்லயே சொல்லிட்டு இருந்தா ரெண்டு பேரு உழைச்சு ஒருத்தர் சம்பளம்தான் மிஞ்சும்.

நல்ல ஆளுங்க நிக்கணும்னா ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, சொன்ன நாள்ல காசு குடுங்க, கஸ்டமர் முன்னாடி திட்டாதீங்க, வேலை இல்லாத வாரத்துக்கு ஏதாவது ஏற்பாடு வச்சிருங்க. வெளி வேலைய எல்லாம் நல்ல வெயில் மாசத்துல முடிச்சுட்டு உள்வேலை, கதவு வேலை, ஆபீஸ் வேலைய மழைக்காலத்துக்கு ஒதுக்கி வச்சா ஆளுங்க கை சும்மா இருக்காது. ஆபீஸ், கடை, ஸ்கூல் வேலைக்கு போறப்போ ராத்திரியும் லீவு நாளும்தான் கிடைக்கும், காசும் பில் போட்டு முப்பது அறுபது நாள் கழிச்சுதான் வரும், அத தாங்குற இருப்பு கையில இல்லன்னா அந்தப் பக்கம் இப்போதைக்கு போகாதீங்க.

ரெண்டாவது டீம் போடுறப்போதான் நோட்டு திரும்ப வேலைக்கு வரும். நீங்க இல்லாத எடத்துல வேலை எப்படி நடக்கணும்னு யாருக்கும் தலைக்குள்ள இருந்து எடுத்து குடுக்க முடியாது, அதனால ஒரு பக்கத்துல எழுதுங்க, காலையில போனதும் என்ன மூடணும், பட்டி காஞ்சதும் எந்த நம்பர் உப்புத்தாள், டார்ச் அடிச்சு யாரு பாக்கணும், கிளம்புறப்போ எங்கெங்க கூட்டணும், எந்தெந்த போட்டோ அனுப்பணும். டீம் மேஸ்திரிகிட்ட இந்த ரூமுக்கு 19 மணின்னு முன்னாடியே சொல்லிருங்க, முடிஞ்சதும் எவ்வளவு ஆச்சுன்னு எழுத சொல்லுங்க. 25 ஆச்சுன்னா கத்தாதீங்க, உக்காந்து எங்க கூடுச்சுன்னு பாருங்க, பாதி நேரம் சுவர நீங்கதான் சரியா பாக்காம கொட்டேஷன் போட்டிருப்பீங்க. 16-ல முடிச்சா அதுல ஒரு பங்கு அவங்களுக்கு குடுங்க, ஆனா போய் சுவர பாத்துட்டு குடுங்க, மூணு மணி நேரம் மிச்சம் ஆனது வேகத்துலயா இல்ல தேய்க்காம விட்டதுலயான்னு டார்ச் சொல்லிரும்.

ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் மிச்ச பெயிண்ட சின்ன டப்பாவுல ஊத்தி, மேல ரூம் பேரு, கலர் நம்பர், பேட்ச் நம்பர், தேதி எழுதி வீட்டுக்காரங்ககிட்ட குடுங்க. ஒரு மாசத்துக்கு சுவர ஈரத்துணி போட்டு அழுத்தி துடைக்க வேணாம், காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் முழுசா கெட்டியாக அவ்வளவு நாள் பிடிக்கும்னு சொல்லிருங்க. அதே தகவல உங்க நோட்டுலயும் ஏத்திட்டு, பதினோரு மாசம் கழிச்சு ஒரு போன் போட்டு சுவர் எப்படி இருக்குன்னு கேளுங்க. எங்கயாவது லேசா உரிஞ்சிருந்தா போய் பாத்து சரி பண்ணி குடுங்க, அரை நாள் வேலைதான், போறப்போ கார்டு ரெண்டு எடுத்துட்டு போங்க, அங்க யாராவது ஒருத்தரு அவங்க மச்சான் வீட்டுக்கும் பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லுவாங்க.